சில்லு இடத்தில்தான் இருக்கிறது, வலி ஏன் போகவில்லை?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். உங்களுக்கு வயது 24. உயர்நிலை மூன்றில் வலைப்பந்து ஆடியபோது இடது முழங்கால் சில்லு முதன்முறையாக வெளிப்பக்கம் நழுவியது. அதற்குப் பிறகு மூன்று முறை. கடைசி முறை எட்டு மாதத்துக்கு முன், மழையில் நனைந்திருந்த அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் கால் திரும்பி. எக்ஸ்ரேயில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். ஆனாலும் படி இறங்கும்போது வலி. ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து வந்து எழுந்தால் சில்லுக்கு அடியில் வலி. பாட்டி தினமும் எண்ணெய் தேய்த்து விடுகிறார். சிலர் ஆப்பரேஷன் என்கிறார்கள், சிலர் பரதத்தை மறந்துவிடு என்கிறார்கள். வலி ஏன் போகவில்லை, கத்தி வைக்க வேண்டுமா, மறுபடி பரதம் ஆட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இங்கே சிங்கப்பூரில் பிசியோதெரபிஸ்டாக 16 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அதில் பெரும்பகுதி முழங்கால்களோடுதான் போனது. உங்கள் காலை நான் தொட்டுப் பார்க்கவில்லை, அதனால் உங்கள் மருத்துவர் சொல்வதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு முடிச்சு இருக்கிறது. சில்லு நழுவுவதும் முழங்கால் வலிப்பதும் ஒரே பிரச்சினை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்களுக்கு ஆலோசனை சொன்னவர்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். அவை இரண்டு பிரச்சினைகள். ஒரே முட்டியில் இருக்கின்றன, ஒன்று மற்றொன்றைத் தூண்டுகிறது, ஆனால் வைத்தியம் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பலர் வருடக்கணக்கில் அலைகிறார்கள்.

சில்லு எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். தொடையின் முன்பக்கத் தசை நான்கு பிரிவாக இறங்கி, ஒரே நாணாகச் சேர்ந்து, கீழ்க்கால் எலும்பின் முன்மேட்டில் போய்ப் பிடிக்கிறது. அந்த நாணுக்குள் பொதிந்திருக்கிற எலும்புதான் சில்லு. கால் நீட்டியிருக்கும்போது அது பெரிய பிடிமானம் இல்லாமல் கிடக்கும். உங்கள் நல்ல காலைத் தளர்வாக நீட்டி வைத்து விரலால் மெதுவாகத் தள்ளினால் அசைவது தெரியும். முழங்காலை 20, 30 டிகிரி மடக்கிய பிறகுதான் தொடை எலும்பின் பள்ளத்துக்குள் சில்லு இறங்கி உட்காருகிறது. அதுவரை அது வெளிப்பக்கம் ஓடிவிடாமல் பிடித்துவைப்பது உள்பக்கத்திலிருந்து வரும் ஒரு மெல்லிய நார்ப்பட்டை. முதல் தடவை நழுவும்போது ஏறக்குறைய எல்லோருக்கும் அந்தப் பட்டை கிழிகிறது, அல்லது இழுபட்டு நீண்டுவிடுகிறது. ஆறினாலும் பழைய இறுக்கம் பெரும்பாலும் திரும்புவதில்லை. முதல் முறை நழுவியவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மறுபடி நழுவுகிறது. இரண்டாவது முறையும் நழுவிவிட்டால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தொடர்கிறது. பதின்ம வயதில் ஆரம்பித்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். ஆகவே மறுபடி மறுபடி நழுவியதற்கு உங்கள் கவனக்குறைவு காரணம் என்று யாராவது சொன்னால், அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

எலும்பின் அமைப்பும் ஒரு காரணம். சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் பள்ளம் ஆழமில்லாமல் தட்டையாக இருக்கும். சிலருக்குச் சில்லு இருக்க வேண்டிய இடத்தைவிட உயரத்தில் இருக்கும், அதனால் பள்ளத்துக்குள் தாமதமாகத்தான் இறங்கும். சிலருக்கு நாண் பிடிக்கிற முன்மேடு வெளிப்பக்கம் தள்ளியிருக்கும். பள்ளத்தின் நடுவுக்கும் அந்த மேட்டுக்கும் உள்ள பக்கவாட்டு இடைவெளி 20 மில்லிமீட்டரைத் தாண்டினால் மருத்துவர்கள் அதைக் கணக்கில் எடுப்பார்கள். பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஆன்றி தெஜூரும் அவருடைய குழுவும் 1994-இல் இந்தக் காரணங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளந்து எழுதியதைத்தான் இன்றைக்கும் உலகம் முழுக்க அறுவை மருத்துவர்கள் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். அப்புறம், மூட்டுகளின் இளக்கம். கட்டைவிரல் மடங்கி முன்கையைத் தொடுகிறதா, முழங்கை பின்பக்கம் வளைகிறதா, முட்டி மடங்காமல் குனிந்தால் உள்ளங்கை தரையில் படுகிறதா என்று ஒன்பது மதிப்பெண்ணுக்கு ஒரு சோதனை உண்டு. நடனம் ஆடுபவர்களில் பலருக்கு இந்த இளக்கம் இருக்கும். மேடையில் அழகாகத் தெரிவதும் இதனால்தான், சில்லு எளிதில் நழுவுவதும் இதனால்தான்.

சரி, இப்போது வலி. ஒவ்வொரு முறை நழுவித் திரும்பும்போதும் சில்லின் உள்ஓரம் தொடை எலும்பின் வெளிமுனையில் மோதுகிறது. எலும்புக்குள் கன்றிப்போகிறது. மேலே பூசினாற்போல் இருக்கும் குருத்தெலும்பு உரசலாம், சில சமயம் துண்டாகவே பெயரலாம். உடம்பிலேயே மிகத் தடிமனான குருத்தெலும்பு சில்லின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த இடம் தாங்குகிற பாரம் அப்படி. படி ஏறி இறங்கும்போது அங்கே விழும் அழுத்தம் உடல் எடையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. நீங்கள் 55 கிலோ என்றால் ஒவ்வொரு படிக்கும் 165 கிலோ. ஆழமாகக் குந்தி எழும்போது அது இன்னும் அதிகம்.

ஒன்றைக் கவனியுங்கள்: குருத்தெலும்புக்கு நரம்பு கிடையாது. அது தேய்ந்தாலும் அது தானாக வலிக்காது. வலிப்பது அதன் அடியில் இருக்கிற எலும்பு, மூட்டின் உள்சவ்வு, சில்லுக்குக் கீழே இருக்கிற கொழுப்புத் திண்டு, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற திசுக்கள். ஸ்கேனில் மோசமான தேய்மானம் இருந்தும் வலியில்லாமல் நடப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்கேனில் ஒன்றும் பெரிதாக இல்லாமல் துடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இது உங்களுக்கு நல்ல செய்தி. போன குருத்தெலும்பு பெரும்பாலும் வளராது, ஆனால் வலி குறைவதற்கு அது வளர வேண்டிய அவசியம் இல்லை.

எட்டு மாதம் ஆகியும் வலி போகாததற்கு, என் அனுபவத்தில், இன்னொரு காரணம்தான் பெரியது: தொடைத் தசை. முட்டிக்குள் நீர் கோத்தால், நரம்பு மண்டலம் தொடையின் முன்தசைக்குப் போகிற கட்டளையைத் தானாகவே குறைத்துவிடுகிறது. ஆரோக்கியமானவர்களின் முட்டிக்குள் கொஞ்சம் உப்புநீரைச் செலுத்திச் சோதித்தே இதைக் கண்டிருக்கிறார்கள். காயமே இல்லாத காலில், அந்த நீரால் மட்டும், தசை சோர்ந்துபோகிறது. உங்களுக்கு நான்கு முறை வீங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் தசை மெலிந்து, முழுசாகத் திரும்பாமலேயே அடுத்த முறை வந்திருக்கும். சில்லின் மேல்ஓரத்திலிருந்து 15 செமீ மேலே இரண்டு தொடைகளையும் தையல் டேப்பால் அளந்து பாருங்கள். இடது தொடை ஒன்றிரண்டு செமீ சிறியதாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். படி இறங்கும்போது உடம்பின் பாரத்தை மெதுவாக இறக்கி விடுகிற வேலை இந்தத் தசையுடையது. அது செய்யாததை மூட்டு வாங்கிக்கொள்கிறது. கூடவே பயமும் இருக்கிறது. நழுவும் என்று பயந்து காலை விறைப்பாக வைத்து நடக்கிறோம், பாரத்தை மற்ற காலில் போடுகிறோம், தசை இன்னும் மெலிகிறது. அந்தப் பயம் நியாயமானது. நான்கு முறை பட்ட உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும்.

எக்ஸ்ரே பற்றி ஒரு வார்த்தை. நேராக நின்று எடுத்த படத்தில் சில்லு தொடை எலும்பின் மேல் நிழலாகத்தான் விழும், பள்ளம் தெரியாது. முட்டியை மடக்கி, சில்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவே தெரியும்படி எடுக்கிற படம் வேறு. பக்கவாட்டுப் படமும் வேண்டும், சில்லின் உயரம் அதில்தான் தெரியும். குருத்தெலும்பையும் உள்பட்டையையும் பார்க்க எம்ஆர்ஐ வேண்டும். எக்ஸ்ரே சரி என்றால் எலும்பு முறியவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். உங்கள் வலி பொய் என்று அர்த்தம் இல்லை.

இரண்டு பிரச்சினையில் உங்களுக்கு எது எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். படியிலும், உட்கார்ந்து எழும்போதும், முட்டியின் முன்னால் மந்தமாகப் பரவுகிற வலி என்றால் அது பெரும்பாலும் பாரம் தாங்காத வலி. நீங்கள் எழுதியிருப்பது இதைத்தான். கால் நேராக இருக்கும்போது உடம்பைத் திருப்பினால் சில்லு ஓரத்துக்குப் போவதுபோல் ஓர் உணர்வு, திடீரென்று முட்டி விட்டுவிடுவது, வெளிப்பக்கம் யாராவது தள்ளினாலே நெஞ்சு திக்கென்று ஆவது: இவை நழுவலின் அடையாளங்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு. முட்டி பாதியில் பூட்டிக்கொண்டு நீட்டவும் மடக்கவும் முடியாமல் நிற்பது, உள்ளே கூழாங்கல்போல் ஏதோ நகர்வது, காரணமே இல்லாமல் திரும்பத் திரும்ப வீங்குவது. பெயர்ந்த துண்டு உள்ளே இருக்கலாம். அப்படி இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

ஆப்பரேஷன் விஷயத்தில் என் கருத்தை நேராகவே சொல்கிறேன். நான்கு முறை நழுவிய முட்டியை எலும்பு மூட்டுச் சிறப்பு மருத்துவர் ஒருவர் ஒழுங்காக அளந்து பார்க்க வேண்டிய நேரம் உங்களுக்கு வந்துவிட்டது. கிழிந்த உள்பட்டைக்குப் பதிலாக, பெரும்பாலும் தொடையின் உட்பக்கத்துத் தசைநாண் ஒன்றை எடுத்துப் புதிதாகக் கட்டுவது வழக்கமான அறுவைச் சிகிச்சை. முன்மேடு ரொம்பத் தள்ளியிருந்தால் அந்த எலும்பை வெட்டி நகர்த்திப் பொருத்துவார்கள். நழுவலை நிறுத்துவதில் இவை நல்ல பலன் தருகின்றன. ஆனால் இவை நழுவலுக்கான வைத்தியம். வலிக்காக மட்டும் செய்துகொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். புதுப் பட்டையை அளவுக்கு மீறி இறுக்கினால் சில்லின் உள்பக்கம் அழுந்தி வலி கூடவும் செய்யும். வெளிப்பக்கத் திசுவை மட்டும் வெட்டித் தளர்த்திவிடுவது ஒரு காலத்தில் நிறைய நடந்தது. நழுவலுக்கு அது ஒன்றையே செய்வதை இப்போது சரியென்று கருதுவதில்லை.

ஓர் இளைஞர் ஞாபகத்துக்கு வருகிறார். தேசிய சேவை முடிந்த பிறகு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அருமையாகச் செய்திருந்தார்கள், சில்லு அசையவே இல்லை. ஒன்றரை வருடம் கழித்து என்னிடம் வந்தபோது, "அக்கா, ஆப்பரேஷன் தோத்துப்போச்சு" என்றார். தொடையை அளந்தால் மூன்று செமீ வித்தியாசம். நழுவல் சரியாகியிருந்தது, வலிக்கான வேலையை யாரும் தொடங்கவே இல்லை. நான்கு மாதம் பிடித்தது. இப்போது அவர் புளோக்கில் ஒன்பது மாடி ஏறி இறங்குகிறார்.

அந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அறுவைச் சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் உங்களுக்கு இது தேவை. முதலில் வலிக்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யம் முதல் பத்து வரை. பயிற்சியின்போது மூன்று வரை வலிக்கலாம். மறுநாள் காலையில் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும், வீக்கம் வந்திருக்கக் கூடாது. திரும்பியிருந்தால் அந்த அளவு சரி, அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டலாம். திரும்பவில்லை என்றால் நிறுத்த வேண்டாம், குறையுங்கள். வலியே வரக் கூடாது என்று இருப்பவர்களுக்குத் தசை வளருவதில்லை. வலியைப் பல்லைக் கடித்துத் தாங்குபவர்களுக்கு வீக்கம் அடங்குவதில்லை.

ஆரம்பத்தில் முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்தித் தொடையை இறுக்கி ஐந்து எண்ணுவது. மல்லாந்து படுத்து நேரான காலை ஓரடி தூக்கி இறக்குவது. தொடை இறுகுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இடுப்பை மறந்துவிடாதீர்கள். இடுப்பின் பக்கத்தசை தளர்ந்தால் தொடை எலும்பு உள்பக்கம் திரும்பும், சில்லு வெளியே இருப்பதுபோல் ஆகிவிடும். சில்லை ரயில் என்று வைத்துக்கொண்டால், பல சமயம் ரயில் தடம்புரளவில்லை, தடமே அடியிலிருந்து நகர்ந்துவிடுகிறது. ஒருக்களித்துப் படுத்து மேல்காலை உயர்த்துவதும், மல்லாந்து முட்டிகளை மடக்கிப் பிட்டத்தைத் தூக்குவதும் அதற்கு.

இரண்டு மூன்று வாரத்தில் சுவரில் முதுகைச் சாய்த்து 30, 40 டிகிரி மட்டும் இறங்கி நிற்கலாம். பிறகு 10 செமீ உயரப் பலகையில் இடது காலில் நின்று, வலது குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்குவது. கண்ணாடி முன் செய்யுங்கள். முட்டி பெருவிரலைத் தாண்டி உள்ளே விழுகிறதா என்று பாருங்கள், விழுந்தால் உயரத்தைக் குறையுங்கள். என்னைக் கேட்டால் ஒரே ஒரு பயிற்சிதான் செய்வேன் என்பவருக்கு இதைத்தான் கொடுப்பேன், ஏனென்றால் படி இறங்குவது இதேதான். வாரம் மூன்று நாள், பத்துப் பத்தாக மூன்று சுற்று, குறைந்தது 12 வாரம். நடுவில் ஒரு வாரம் வலி ஏறும், எல்லோருக்கும் ஏறும், அதில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

நீச்சல் நல்லது, ஆனால் தவளை நீச்சல் இப்போதைக்கு வேண்டாம். அந்த உதை முட்டியை உள்பக்கம் வளைத்து முறுக்குகிறது. காலை நேராக வைத்து அடிக்கும் நீச்சல் போதும். சைக்கிள் ஓட்டினால் இருக்கையை உயரமாக வையுங்கள். எம்ஆர்டியில் உட்கார இடம் கிடைத்தாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காலைக் கொஞ்சம் நீட்டி மடக்குங்கள். படியில், தற்காலிகமாக, ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

பாட்டியின் எண்ணெயை நிறுத்தச் சொல்ல மாட்டேன். சூடு சுகமாக இருக்கும், அந்தக் கைக்கு ஓர் ஆறுதல் உண்டு. தொடையிலும் ஆடுசதையிலும் தேய்த்துவிடச் சொல்லுங்கள், சில்லின் மேல் அழுத்த வேண்டாம். ஆனால் சில்லை இடத்தில் தள்ளி வைக்கிறேன், சுளுக்கு எடுக்கிறேன் என்று யார் வந்தாலும் காலைக் கொடுக்காதீர்கள். சில்லு இடத்தில்தான் இருக்கிறது, வைக்க ஒன்றும் இல்லை. வலி மாத்திரை, ஜெல் எல்லாம் சில நாட்களுக்குச் சரி, மாதக்கணக்கில் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். முட்டிப் பட்டையும் டேப்பும் கூட்டமான இடத்துக்குப் போகும்போது தைரியம் தரும். நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு தசையின் வேலையை அதனிடம் விட வேண்டாம்.

மருத்துவரைப் பார்ப்பதற்குப் பலதுறை மருந்தகத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரிடம் போனால் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சலுகைக் கட்டணம். நேராகத் தனியார் மருத்துவரைப் பார்த்தால் அந்தச் சலுகை இல்லை. வெறுமனே "முட்டி வலி" என்று சொல்லாதீர்கள், வயதானவர்களின் தேய்மான வரிசையில் உங்களையும் சேர்த்துவிடுவார்கள். "சில்லு நான்கு முறை நழுவியது, இந்த ஆண்டுகளில், இந்த இந்த மாதிரி, தானாகத் திரும்பியது அல்லது அவசரப் பிரிவில் திருப்பினார்கள்" என்று எழுதி எடுத்துப் போங்கள். அறுவைச் சிகிச்சை என்று முடிவானால் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு), மெடிஷீல்டு லைஃப் (மருத்துவக் காப்புறுதி) இரண்டிலும் எவ்வளவு எடுக்கலாம் என்று மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

இடையில் மறுபடி நழுவினால், பக்கவாட்டில் தள்ளாதீர்கள். உட்கார்ந்து, காலை மெதுவாக நீட்டப் பாருங்கள், பெரும்பாலும் தானே திரும்பிவிடும். திரும்பாவிட்டால் வற்புறுத்தாமல் 995-இல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். திரும்பிய பின் சில மணி நேரத்தில் முட்டி பெரிதாக வீங்கினால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது, அன்றைக்கே காட்டுங்கள். காய்ச்சலோடு முட்டி சிவந்து கொதித்தாலும், ஆடுசதை வீங்கி வலித்தாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கடைசியாகப் பரதம். ஆட முடியும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் எந்த அடவை எப்போது தொடங்குவது என்கிற வரிசை மாறும். முட்டியைப் பாதி மடக்கி நிற்கிற அரைமண்டியில் முட்டி மடங்கியிருப்பதால் சில்லு பள்ளத்துக்குள்தான் இருக்கும், அந்த நிலை நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஆபத்தானது இல்லை. தப்பு நடப்பது பாதத்தில். இடுப்பு திறக்கிற அளவு 50 டிகிரி என்றால் பாதத்தை மட்டும் 80 டிகிரிக்குத் திருப்பி வைக்கிறோம். மீதி முறுக்கை முட்டி வாங்குகிறது. கீழ்க்கால் வெளியே திரும்ப, நாணும் சில்லை வெளியே இழுக்கிறது. இடுப்பு எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவே பாதம் திரும்பட்டும், முட்டி இரண்டாவது விரலுக்கு நேராக இருக்கட்டும். மண்டி குறைவாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று உங்கள் ஆசிரியரிடம் முன்பே பேசிவிடுங்கள். பாதத்தைத் தரையில் தட்டி ஆடும் தட்டடவைக் கடினமான சிமெண்டுத் தரையில் தொடங்க வேண்டாம், மரத்தளம் உள்ள சமூக மன்ற அறை கிடைத்தால் நல்லது. காலை நீட்டி ஆடும் நாட்டடவில் கால் நீளும் இடத்தில்தான் சில்லுக்குப் பிடிமானம் குறைவு, அதை முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில் மட்டும் செய்யுங்கள். முழுதாகக் குந்துகிற முழுமண்டியும் மண்டி அடவும் கடைசி. பலகையிலிருந்து இறங்கும் பயிற்சியை இடது காலில் 20 முறை, முட்டி ஆடாமல், வலி மூன்றைத் தாண்டாமல் செய்ய முடிகிற நாளுக்கு முன்னால் அவற்றைத் தொட வேண்டாம்.

பிசியோதெரபிக்கு முதல் நாள் போகும்போது அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், காலணியைக் கழற்றிவிட்டு அவர் முன்னால் ஒருமுறை அரைமண்டியில் உட்கார்ந்து காட்டுங்கள். பரதம் தெரியாதவராக இருந்தாலும் பாதம் எங்கே, முட்டி எங்கே என்று அவருக்குப் புரியும், உங்களுக்கான பயிற்சியை அங்கிருந்தே தொடங்கிவிடுவார்.